தாயோடு சேர்த்துத் தூக்குங்கள்

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கட்டில், பீரோ, துளசித் தொட்டி எல்லாம் வண்டியில் ஏறிவிடும். பூனை மட்டும் வாசலில் நிற்கும். அது சினையாக இருந்துவிட்டால் அதை விட்டுப்போகும் வாய்ப்பு இன்னும் அதிகம். சில வாரங்களில் மாடிப்படிக்கு அடியிலோ, மீட்டர் பெட்டிக்குப் பின்னாலோ, பழைய சைக்கிள்மேல் போட்ட தார்ப்பாய்க்குள்ளோ கீச்சுக் குரல்கள் கேட்கத் தொடங்கும். வேளாவேளைக்குத் தட்டில் சோறு பார்த்துப் பழகிய பூனை அது. தெருவிலேயே பிறந்து வளர்ந்த பூனைக்குத் தெரிந்த ஒளிவிடங்களோ, இரை பிடிக்கும் சாமர்த்தியமோ அதனிடம் இருக்காது. பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம் என்கிறது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர்களில் முதன்மையானவர் நம் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

குட்டிகளைப் பார்த்ததும் நல்ல மனசுக்காரர்கள் செய்யும் முதல் காரியம், அவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் அள்ளிப்போட்டு வீட்டுக்குத் தூக்கிவருவது. தாய் இரை தேடப் போயிருக்கும். திரும்பி வந்து பார்த்தால் குட்டிகள் இல்லை. அதுவரை தாயோடு இருந்த குட்டிகள் அந்த நிமிடத்தில் அநாதைகளாகின்றன. காப்பாற்றும் எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் குட்டிகளுக்கு மிக ஆபத்தான காரியங்களில் ஒன்று இதுவே.

பிறந்த பூனைக்குட்டியின் எடை சுமார் 100 கிராம். கண் மூடியிருக்கும், காது மடங்கியிருக்கும். முதல் வாரத்தில் அதற்கு நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக்கூடத் தெரியாது. தாயின் வயிற்றுச் சூடுதான் அதன் சூடு. தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் கழியும். ஏறத்தாழ மூன்று வாரம் வரை இதே நிலைதான். நோய்களுக்கு எதிரான தற்காப்பும் சீம்பால் வழியாகவே வருகிறது. அதிலுள்ள எதிர்ப்புப் புரதங்களைக் குட்டியின் குடல் முழுசாக உறிஞ்சிக்கொள்ளும் கதவு, பிறந்து 16 மணி நேரம் போல ஆனதும் மூடிவிடுகிறது. இத்தனை வேலைகளையும் இரண்டு மணிக்கொருமுறை பால்புட்டியும் ஈரப்பஞ்சுமாக, இரவு பகல் பாராமல் நாம் செய்யலாம். செய்தும் பல குட்டிகள் பிழைப்பதில்லை. தாய் இருக்கையில் அந்தப் பாடு எதற்கு?

ஆகவே முதல் வேலை, காத்திருப்பது. தாய் வருகிறதா என்று பார்க்கப் பக்கத்திலேயே உட்கார்ந்தால் அது வராது. குட்டிகள் கிடக்கும் இடத்தைச் சுற்றி நைசான மணலை மெல்லத் தூவிவிட்டு விலகிப்போய்விடுங்கள். சிலர் மாவு தூவச் சொல்வார்கள். நம் ஊரில் மாவு எறும்பைக் கூட்டிவரும், கண் திறக்காத குட்டிகளுக்கு எறும்பு எமன். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், தாய் வந்து போனதற்கு மணலில் பாதத் தடம் இருக்கும். குட்டிகளே நல்ல சாட்சி: வயிறு நிறைந்து ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. வயிறு ஒட்டி, உடம்பு சில்லிட்டு, ஓயாமல் கத்தினால்தான் நாம் கைவைக்க வேண்டும். அப்போதும் முதலில் சூடு, பிறகுதான் பால். துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலை அருகில் வைத்து உடம்பைச் சூடாக்குவதற்கு முன் பால் புகட்டினால் செரிக்காது, உயிருக்கே ஆபத்து.

தாய்ப்பூனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஸ்கார்லெட். 1996 மார்ச் இறுதியில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஆளில்லாத ஒரு கராஜ் தீப்பிடித்தது. உள்ளே ஒரு தெருப்பூனை, நான்கு வார வயதுள்ள ஐந்து குட்டிகளோடு. அது எரிகிற கட்டடத்துக்குள் திரும்பத் திரும்பப் போய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. முகமும் காதும் பாதங்களும் வெந்து, கொப்புளத்தால் கண்கள் ஒட்டிப்போயிருந்தன. பார்வை இல்லாத நிலையில் ஒவ்வொரு குட்டியையும் மூக்கால் தொட்டுப் பார்த்த பிறகே அது மயங்கி விழுந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் தாயையும் குட்டிகளையும் ஒரே பெட்டியில் வைத்து, லாங் ஐலண்டிலுள்ள விலங்குக் காப்பகம் ஒன்றில் சேர்த்தார். நலிந்திருந்த ஒரு குட்டி பின்னர் வைரஸ் தொற்றில் இறந்தது. மற்றவை பிழைத்தன. வளர்க்க விரும்பி ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்தன. ஸ்கார்லெட் 2008 வரை வாழ்ந்தது. அந்த வீரர் செய்ததில் நான் பெரிதாக நினைப்பது, தாயையும் பிள்ளைகளையும் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்ததைத்தான்.

தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி துவண்டு, பின்னங்காலை மடக்கி, வாலைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் தொங்கும். பக்தனின் முழுச் சரணாகதிக்குத் தென்கலை வைணவம் மார்ஜார நியாயத்தைச் சொல்வது இந்தக் காட்சியை வைத்துத்தான். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பிடரியில் கிளிப் மாட்டினால் வளர்ந்த பூனைகள் பலவும் இப்படி அடங்குவதையும், அது பயத்தால் வந்த உறைநிலை அல்ல என்பதையும் காட்டியது. 2013-இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர், தாய் தூக்கிச் செல்லும்போது எலிக்குட்டிகளும் மனிதக் குழந்தைகளும் அடங்கி, இதயத் துடிப்பு தணிவதைப் பதிவு செய்தார்கள். ஓடித் தப்பவேண்டிய தாயின் வாயில் குட்டி துள்ளினால் இரண்டுமே பிழைக்காது. பாலூட்டிகளுக்குள் இந்த அடக்கம் பதிந்திருப்பதில் வியப்பில்லை. ஆனாலும் பிடரியைப் பிடிப்பது தாயின் உரிமை. நாம் குட்டியை வயிற்றுக்கடியில் உள்ளங்கை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இடம் மாற்றியே ஆகவேண்டிய நிலை வந்தால்? கனமழை, பக்கத்தில் நாய்கள், தொந்தரவு தரும் கடுவன், ‘நாளைக்குள் எடுத்துவிடுங்கள்’ என்னும் குடியிருப்புச் சங்கம் என்று காரணங்கள் வரும். இங்கே விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜே ரோசன்பிளாட் பூனைக்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் கைகொடுக்கின்றன. கண் திறக்காத குட்டிகளைப் படுக்கையிலிருந்து தள்ளி வைத்தால் அவை கத்தின. தங்கள் படுக்கையின் வாசனை வந்ததும் அடங்கின. அந்த வாசனையைப் பிடித்தே ஊர்ந்து திரும்பின. பிறந்த சில நாட்களிலேயே ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு முலைக்காம்பைப் பழகிக்கொள்வதும் தெரியவந்தது. எனவே அவை படுத்திருந்த சாக்கையோ பழைய லுங்கியையோ அழுக்கென்று எறியாமல் அப்படியே கொண்டுபோங்கள். கூண்டின் உட்புறத்தில் குட்டிகளை அந்தத் துணியோடு வைத்து மேலே போர்த்தி, வாசலில் வேகவைத்த மீன் வைத்தால் தாய் தானே உள்ளே வரும். பிடிக்கப்போய்க் கடியோ பிறாண்டலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். வெறிநோய் பூனையாலும் பரவும்.

புது இடம் இருட்டாக, ஆள் நடமாட்டமில்லாமல் இருக்கட்டும். அங்கே ஃபினாயில் ஊற்றிக் கழுவ வேண்டாம். ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்ற உதவும் ஒரு கல்லீரல் நொதியின் மரபணு, பூனைக் குடும்பம் முழுவதிலும் பழுதாகிக் கிடக்கிறது. நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதற்கும் இந்தக் குறையே பெருங்காரணம். காய்ச்சல் என்று அரை மாத்திரை கொடுத்துப் பூனையை இழந்த வீடுகள் உண்டு.

அடுத்து, தாயின் சாப்பாடு. பால் சுரப்பு உச்சத்தில் இருக்கையில் அதற்கு வழக்கத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு தீனி வேண்டும். தயிர்சாதம் போட்டுப் புண்ணியம் தேடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பூனை இறைச்சி உண்ணவே உருவான உயிர். டாரின் என்னும் சத்து மீனிலும் கறியிலும்தான் இருக்கிறது, சோற்றில் கிடையாது. அது குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்று 1975-இலும், இதயத் தசை தளரும் என்று 1987-இலும் நிறுவப்பட்டது. உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த மீன், கோழி, முட்டை, தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள். பால் கொடுக்கும் பூனை திடீரென்று விறைத்து நடுங்கினால் அது சுண்ணாம்புச் சத்து சரிவாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்பதற்காகவே துரத்தப்படும் பூனைகள் ஏராளம். டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி பற்றிய அந்தப் பயம் முழுக்கப் பொய்யல்ல. ஆனால் பூனையின் மலத்தில் வரும் அதன் முட்டைகள் தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாகும். வேறொருவர் தினமும் கையுறையோடு மலத்தை அகற்றினால் போதும். சரியாக வேகாத கறியும் கழுவாத காய்கறியும் அதைவிடக் கவனிக்கவேண்டியவை.

இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை குட்டிகளின் மனம் மனிதருக்குத் திறந்திருக்கும் காலம். பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் இதை ஆராய்ந்தார். அந்த நாட்களில் தினமும் கொஞ்ச நேரம் கையில் எடுத்து வருடப்பட்ட குட்டிகள் பின்னாளில் மனிதரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டன. தாய் பழகிய பூனையாக இருந்தால் இது இன்னும் எளிது. எட்டு வாரம் தாண்டியதும் தடுப்பூசி போட்டு வீடு தேடலாம், முடிந்தால் இரண்டிரண்டாகக் கொடுங்கள்.

தாயை அப்போது மறந்துவிடக் கூடாது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சில பூனைகள் மறுபடி சினைப்படும். சினைக்காலம் 63 முதல் 65 நாள்தான். நான்கைந்து மாதத்தில் பெட்டைக் குட்டிகளும் தயாராகிவிடும். குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள், குட்டிகளை வாங்கிப்போகிறவர்களிடமும் அதற்கு உறுதி கேளுங்கள். கடைசியாக ஒன்று. எல்லோரும் குட்டியைத்தான் கேட்பார்கள், தாயைக் கேட்க ஆள் வராது. மனிதரோடு வாழப் பழகி, ஒருமுறை கைவிடப்பட்ட அந்தப் பூனைக்கு வீடு தேடும் வேலையை, குட்டிகள் கண் திறக்கும் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.