எருமையின் உடம்பில் எத்தனை லீட்டர்?

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து எருமைகள் வெயில் ஏற ஏற மேய்ச்சலை விட்டுச் சேற்றில் இறங்கிவிடும். பசுவைவிட எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. கறுத்த தோலோ வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆகவே உடம்புக்கு உள்ளேயும் வெளியேயும் அதற்குத் தண்ணீர் வேண்டும். உள்ளே இருக்கும் நீரை, விலங்கை அறுக்காமலே அளக்க ஒரு வழி இருக்கிறது.

கொள்ளளவு தெரியாத தொட்டியில் அளந்த சாயத்தைக் கலந்து, அது எவ்வளவு வெளிறியது என்று பார்த்தால் தொட்டியில் எத்தனை லீட்டர் தண்ணீர் என்பது தெரிந்துவிடும். மாட்டுக்குச் சாயம் கனநீர். அதாவது, டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜனால் ஆன நீர். 1934இல் ஹெவெசியும் ஹோஃபரும் மனித உடம்பின் நீரை இப்படித்தான் அளந்தார்கள்.

முதலில் கொஞ்சம் இரத்தம் எடுத்து வைப்பார்கள். பிறகு நிறுத்த கனநீரைக் கழுத்து நாளத்தில் ஏற்றி, தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் சில மணி நேரம் விடுவார்கள். அசைபோடும் விலங்கின் பெரிய இரைப்பையிலும் நிறைய நீர் இருப்பதால் கலந்து முடியச் சுணங்கும். மறுபடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். 260 கிராம் ஏற்றிய 400 கிலோ விலங்கில், லீட்டருக்கு ஒரு கிராம் கூடியிருந்தால் உடல்நீர் 260 லீட்டர். கொழுப்பில் நீர் மிகக் குறைவு. கொழுப்பு நீங்கிய உடம்பில் ஏறத்தாழ 73 வீதம் நீர். 260ஐ 0.73ஆல் வகுத்தால் 356 கிலோ. மிச்சம் 44 கிலோ கொழுப்பு. தராசு ஒருநாளும் சொல்லாத கணக்கு இது. (டியூட்டீரியம் புரதங்களிலும் சற்று ஒட்டிக்கொள்வதால் விடை சில வீதம் கூடவே வரும், அதைத் திருத்திக்கொள்வார்கள்.)

செலவு குறைந்த வழி யூரியா. ஏற்றி 12 நிமிடத்தில் இரத்தம் எடுத்துவிடலாம். கதிரியக்கமுள்ள டிரிட்டியம் நீரையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன் செறிவு நாளுக்கு நாள் குறையும் வேகம், விலங்கு தினமும் எவ்வளவு நீரைப் புதுப்பிக்கிறது என்பதைக் காட்டும். 1969இல் ஆஸ்திரேலியாவில் சீபெர்ட்டும் மக்ஃபார்லேனும் ஒப்பிட்டபோது, திமிலுள்ள செபு மாட்டைவிட எருமைக்கு நீர்த்தேவை மிக அதிகம் என்று தெரிந்தது. இலங்கை எருமைகளிலும் 1980களில் இத்தகைய ஆய்வு நடந்தது.

எருமைப்பாலில் செய்த சட்டித் தயிரை விரும்பிச் சாப்பிடும் நம் ஊர்களில், வீடும் கடையும் கட்டக் குட்டைகளை மண் போட்டு நிரப்புகிறோம். எருமைக்குச் சேறு சொகுசு அல்ல, தேவை. மேய்ச்சல் தரைக்கு அருகே இருக்கும் குட்டைகளையாவது விட்டுவையுங்கள்.