பேக்கப் இருக்கிறது, திறக்க முடிகிறதா?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் சேர்ந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தால், காலி! கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரம் முன்பு அவரே வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்.

குறிப்பிட்ட நேரத்தில் கோப்புகள் எப்படி இருந்தன என்பதன் பதிவுதான் ஸ்னாப்ஷாட். ரெஸ்டிக் என்ற இலவச மென்பொருள் இதைத் திறமையாகச் செய்கிறது: மாறிய பகுதிகளை மட்டும் சேர்க்கும், எல்லாவற்றையும் பூட்டியே வைக்கும். ரெஸ்டிக்கைப் பலர் டாக்கர் என்ற மென்பொருள் உருவாக்கும் கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். கன்டெய்னர் ஒண்டுக்குடித்தனம் மாதிரி. கிணறு பொது, வீடு தனி. இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் எல்லோருக்கும் ஒன்று, கோப்புகள் தனித்தனி.

சிக்கல் மீட்கும்போதுதான் தெரியும். ஸ்னாப்ஷாட்களைச் சாதாரண ஃபோல்டர்போலத் திறந்து உலாவ ரெஸ்டிக்கில் ‘மவுண்ட்’ கட்டளை உண்டு. அதற்கு ஃப்யூஸ் என்ற கெர்னல் வசதி தேவை. டாக்கர் அதைக் கன்டெய்னருக்குத் தானாகத் தருவதில்லை. உடனே சிலர் கன்டெய்னருக்கு எல்லா அதிகாரத்தையும் அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒற்றைக் கோப்புக்காக அவ்வளவு தூரம் போவானேன்? ‘ஃபைண்ட்’ கட்டளை கோப்பைத் தேடித் தரும், ‘டம்ப்’ அதை வெளியே எடுத்துத் தரும். இரண்டுக்கும் மவுண்ட் வேண்டாம்.

இன்னொரு வம்பு, பெயரில். ஒவ்வொரு புதிய கன்டெய்னருக்கும் டாக்கர் எழுத்தும் எண்ணும் கலந்த 12 குறிகளில் ஏதோவொரு கணினிப் பெயர் சூட்டும். ரெஸ்டிக்கோ அந்தக் கணினிப் பெயரையும் வைத்துத்தான் ஸ்னாப்ஷாட்களை வகைப்படுத்துகிறது. விளைவு, ஒரே சர்வரின் பேக்கப் பத்து வெவ்வேறு கணினிகளுடையதுபோல் சிதறிக் கிடக்கும். பழையவற்றைக் கழிக்கும் விதியும் சரியாக வேலை செய்யாது. பெயரை நிலையாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

மீட்ட கோப்பு எங்கே போய் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கன்டெய்னரின் சொந்த இடத்தில் விழுந்தால், கன்டெய்னரை நீக்கும்போது அதுவும் போய்விடும். மூலக் கோப்புகளைப் படிக்க மட்டும் அனுமதித்திருந்தால், அங்கே திரும்ப எழுதவே முடியாது. எனவே எழுத அனுமதியுள்ள தனி ஃபோல்டர் ஒன்றை வெளியிலிருந்து இணைத்து, அதில் ஒரே ஒரு கோப்பை இந்த வாரமே மீட்டுப் பாருங்கள்.