கீரைக் கத்தியையும் விதைபோலப் பார்த்து வாங்குங்கள்

கீரை விதை வாங்கும்போது ரகத்தை விசாரிக்கிறோம், முளைப்புத் திறனைக் கேட்கிறோம். உரக்கடையில் மூட்டையைத் திருப்பிச் சத்து விகிதத்தைப் படிக்கிறோம். அந்தக் கீரையை அறுக்கும் கத்தியை மட்டும், கடையில் எது முதலில் கைக்கு அகப்படுகிறதோ அதை எடுத்து வந்துவிடுகிறோம்.

தாம்பரத்தைச் சுற்றி மாடம்பாக்கம், அகரம்தென், மண்ணிவாக்கம், படப்பை பக்கங்களில் வீட்டுமனைகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் நிலத்தில் கீரை போடுபவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பத்து, இருபது சென்ட் நிலத்தில் ஒரே அறுப்பில் லாபம் வந்துவிடாது. திரும்பத் திரும்ப அறுத்தால்தான் கட்டுப்படியாகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 கிள்ளுக்கீரையில் விதைத்த 20 நாளில் முதல் அறுப்பு தொடங்கி, 90 நாட்களுக்குள் 10 முறை வரை எடுக்கலாம். அந்தப் பத்து அறுப்பும் சரியாக வர வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் தண்டு சுத்தமாக வெட்டுப்பட வேண்டும்.

மழுங்கிய கத்தி தண்டை வெட்டாது, இழுக்கும். இழுக்கும்போது வேர் அசைகிறது. தண்டின் நுனி நசுங்குகிறது. நசுங்கிய இடம் எளிதில் அழுகும். பூஞ்சாணமும் பாக்டீரியாவும் அதன் வழியே நுழையும். அடுத்த துளிர் தாமதமாகும். அறுப்பவர் கையிலும் கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருப்பதால் கத்தி வழுக்கி விரலைப் பதம் பார்ப்பதும் அப்போதுதான்.

மடக்குக் கத்தி வேண்டாம்

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியக் கற்கால ஆய்வுக்கு அதுவே தொடக்கமானது. உள்ளங்கையில் அடங்கி, வெட்டும் விளிம்பு அசையாமல் நிற்கும் கருவி அது. இன்றும் சின்னக் கத்திக்கு முதல் தகுதி இந்த இரண்டும்தான்: கையில் அடங்க வேண்டும், அசையக் கூடாது.

மடக்குக் கத்தி சட்டைப் பைக்கு வசதி. ஆனால் அதன் மூட்டில் சேறும் செடிச் சாறும் புகுந்து தங்கும்; கழுவினாலும் போகாது. அழுத்தி வெட்டும்போது திடீரென மடங்கி விரல் மேல் விழவும் கூடும். காட்டில் தங்கிப் பழகுபவர்கள் உலகம் முழுவதும் விரும்பும் சுவீடனின் மோரா ஊர்க் கத்திகள்கூட மடங்காதவைதான்; வெட்டும் பகுதி சுமார் 10 செ.மீ. மட்டுமே. கீரை, கொடி, சணல் கயிறு, சிறு கிளை ஆகிய எல்லாவற்றுக்கும் 8 முதல் 10 செ.மீ. நீளம் போதும். தகடு 2 முதல் 2.5 மி.மீ. தடிமன் இருக்கட்டும். அதற்கு மேல் தடித்தால் கீரையைப் பிளக்கும், அறுக்காது.

நெல் அறுக்கும் பல் வைத்த கதிர் அரிவாள் இளந்தண்டுக்கு ஏற்றதல்ல. கீரைக்கு வழவழப்பான வாய் வேண்டும். பாத்தியில் குனிந்து அறுப்பவருக்குக் கூரான நுனி தேவையில்லை. நுனியைச் சற்று உருட்டிக்கொண்டால் காயம் குறையும். ஒட்டுக் கட்டுபவர்களுக்கு மட்டும் நேரான வாயும், ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய மெல்லிய தகடும் வேண்டும்.

எந்த இரும்பு?

கத்தியின் குணத்தை முடிவு செய்வது இரும்பில் உள்ள கார்பன் அளவு. சாதாரணக் கட்டுமான இரும்பில் அது கால் சதவீதத்துக்குள்தான் இருக்கும். எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. லாரி ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். கொல்லர் பட்டறையில் பழைய பட்டையைத் தேடுவது இதற்காகத்தான். ஆனால் பட்டை தடிமனானது. நன்றாக அடித்து மெலிதாக்கித் தரச் சொல்ல வேண்டும்.

அடித்தால் மட்டும் போதாது; தோய்ச்சல் சரியாக அமைய வேண்டும். 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் இரும்பு கண்ணாடிபோலக் கடினமாகும். அப்படியே விட்டால் உடையும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில், தகடு வைக்கோல் நிறமாகும் வரை, ஏறத்தாழ 200 முதல் 230 டிகிரி வரை காட்டி எடுக்க வேண்டும்.

எவர்சில்வர் கத்தி துருப்பிடிக்காது என்பதால் பலரும் வாங்குகிறார்கள். கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். காந்தம் ஒட்டாத எவர்சில்வரைத் தோய்ச்சல் வைத்துக் கடினமாக்க முடியாது. அது தட்டு, டம்ளருக்கு உரியது. காந்தம் ஒட்டினால் மட்டும் மேற்கொண்டு பாருங்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கத்திகளைப் பார்ப்பவர்களுக்கு அரம் நல்ல துணை. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வாயின் ஓரத்தில் அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். வெண்ணெய்போல அரித்தால் இரும்பு மென்மை, சீக்கிரம் மழுங்கும். சிறிதும் பிடிக்காமல் வழுக்கினால் மிகக் கடினம், வாய் தெறிக்கும். சற்றே பிடித்துப் பிடித்து வழுக்கினால் அதுதான் பதம். தகடு நீல நிறம் ஏறியிருந்தால் சாணை பிடித்தவர் சூடாக்கித் தோய்ச்சலைக் கெடுத்துவிட்டார் என்று பொருள். உங்கள் கத்தியைச் சாணைக்குக் கொடுக்கும்போதும் அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள்.

கைப்பிடியைக் கவனியுங்கள்

கத்தித் தகடு கைப்பிடியின் கடைசி வரை ஓடி, இரண்டு ஆணிகளால் இறுக்கப்பட்டிருப்பது நல்லது. மெல்லிய வாலை மரத்துக்குள் செருகி அரக்கு ஊற்றிய கத்தி, வெயிலில் கிடந்தால் அரக்கு இளகிக் கழன்றுவிடும். பிடி 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நான்கு விரலும் அதில் முழுதாக உட்கார வேண்டும். விரல் முன்னால் வழுக்காமல் தடுக்க வாய்ப்பக்கம் சிறு மேடு இருக்கட்டும். கீரை அறுப்பவர்களில் பெண்களே அதிகம். வாங்கப் போவது யாராக இருந்தாலும், அறுக்கப் போகிறவரின் கையில் கொடுத்துப் பார்த்து வாங்குவதே முறை. பிடியில் சிவப்பு அல்லது மஞ்சள் நாடா சுற்றினால் பாத்தியில் தொலையாது.

நோயைக் கடத்துவதும் கத்திதான்

கத்தரி, தக்காளியில் பாக்டீரியா வாடல் நோயும், மொசைக் வகை வைரஸ்கள் சிலவும் செடிச் சாறு ஒட்டிய கத்தி மூலம் பரவும். மதுராந்தகம் பக்கம் கரும்பு விவசாயிகள் அறிந்த, கட்டைக் கரும்பு குட்டையாகிப்போகும் நோயும் கரணை வெட்டும் கத்தி வழியே ஒரு கரும்பிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது.

எனவே கத்தி இரண்டாக இருக்கட்டும். திரவ ப்ளீச் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்த கரைசலில் ஒன்று ஊறும்போது மற்றொன்றால் வேலை செய்யலாம். முதலில் ஒட்டியிருக்கும் மண்ணையும் சாற்றையும் கழுவ வேண்டும். அழுக்கோடு முக்கினால் மருந்து வேலை செய்யாது. 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைப்பது பாக்டீரியாவுக்கு உதவும், வைரஸுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். ப்ளீச் இரும்பை அரிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். அறுத்து விற்கும் கீரையில் ப்ளீச் படாதபடி, அறுப்புக்கு எடுக்கும் முன்னும் அலசிக்கொள்ளுங்கள்.

தீட்டுவதும் வைப்பதும்

2 செ.மீ. அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 7 மி.மீ. உயர்த்திப் பிடித்தால் சுமார் 20 டிகிரி சரிவு கிடைக்கும். அதே சரிவில் இரு பக்கமும் சம அளவு தீட்டினால் போதும். மாதத்துக்கு ஒருமுறை சாணைக்காரரைத் தேடுவதைவிட, அறுப்புக்கு முன் தினமும் ஐந்து நிமிடம் கல்லில் தீட்டுவது கத்தியின் ஆயுளைக் கூட்டும்.

கடற்காற்று வீசும் பகுதி இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே இரவில் துரு ஏறும். தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவினால் போதும். ஈரத் தோல் உறையில் வைக்காதீர்கள். பழைய பி.வி.சி. குழாய்த் துண்டைக் கொதிநீரில் போட்டு இளக்கி, தட்டையாக அழுத்தினால் நல்ல உறை கிடைக்கும். நெருப்பில் காட்ட வேண்டாம். வரும் புகை நச்சு.

உறை இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. விவசாயத்துக்கென வடிவமைத்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. 4 அங்குலக் கீரைக் கத்திக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் விடியற்காலை மின்சார ரயிலிலும் பேருந்திலும் இடுப்பில் வெறும் கத்தியைச் செருகிப் போனால் வீண் சந்தேகம் வரும். நெரிசலில் பிறர் மேல் படவும் கூடும். உறையிலிட்டு, மண்வெட்டி, கயிறு, சாக்கோடு பையில் வையுங்கள்.

கையில் காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டி.டி. ஊசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றே கேளுங்கள். மண்ணில் புழங்குபவர்கள் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதை நேர்த்தி, உரம் பற்றிய பயிற்சிகளில் கத்தி தீட்டுவதற்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மகளிர் குழுவுக்கு நல்ல தீட்டுக்கல் ஒன்று பொதுவில் இருந்தால் ஒரு தெருவே பயன்பெறும். நாளைக்குக் கீரை அறுக்கப் போகிறவர்கள், இன்று மாலை கத்தியை எடுத்து ஒரு காகித ஓரத்தில் இழுத்துப் பாருங்கள். காகிதம் கிழிந்தால் கல்லில் தீட்டுங்கள். நேராக வெட்டுப்பட்டால் பாத்திக்குப் போகலாம்.