வெற்றிக்கு வழிகோலியவர்

1950-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள். பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசோன்ட்டே நகரில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி. கால்பந்தின் தாயகமாகிய இங்கிலாந்தை எதிர்த்து நின்றது அமெரிக்க அணி. அவ்வணியினருள் பெரும்பாலோர் வேறு தொழில் செய்து பிழைத்தவர்கள். நடுக்கள ஆட்டக்காரரான வால்ட்டர் பார், பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியர்.

முற்பாதி ஆட்டத்தில் அவர் தொலைவிலிருந்து உதைத்த பந்தை, ஹெயிட்டி நாட்டவரான ஜோ கேட்ஜென்ஸ் தலையால் திருப்பி வலைக்குள் செலுத்தினார். அமெரிக்கா 1-0 என வென்றது. கோல் அடித்தவரை இரசிகர்கள் தோள்மீது தூக்கிச் சென்றனர். வால்ட்டரோ தம் வகுப்பறைக்குத் திரும்பினார்.

பின்னர், 1974 முதல் 1988 வரை பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய புதல்வர் மூவரும் தொழில்முறைக் கால்பந்து ஆடினர். 2018-இல், 91 வயதில் அவர் மறைந்தார்.

கோல் அடித்தவரைப் போற்றுகிறோம். பந்தை அனுப்பியவரை மறந்துவிடுகிறோம். நம் இல்லங்களிலும், பிறர் வெற்றிபெறத் தாம் உழைத்து ஒதுங்கி நிற்போர் உளர். அவர்களை நாம் நன்றியோடு நினைக்கின்றோமா?