படைபோல் வரும் ரத்தப் புற்றுநோய்

மைக்கோசிஸ் ஃபங்காய்டஸ் தோலில் தெரியும் நோய்தான். ஆனால் தோலின் செல்களில் தொடங்குவதல்ல. ரத்த வெள்ளையணுக்களில் ஒரு பிரிவான டி செல்கள் தோலுக்குள் தங்கிப் பெருகுவதால் வரும் அரிய லிம்போமா வகைப் புற்றுநோய் இது. 1806இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் லூயி அலிபெர் இதைப் பதிவுசெய்தபோது பார்த்தது, காளான்போல முளைத்த கட்டிகளை. பெரும்பாலான நோயாளிகள் அந்தக் கட்டத்துக்குப் போவதே இல்லை.

தொடக்கத்தில் தெரிவது செதில் உதிரும் சிவந்த படைதான். அது வரும் இடத்தைக் கவனிக்க வேண்டும்: புட்டம், தொடை, அடிவயிறு, மார்பகம் என வெயில் படாத பகுதிகளையே பெரிதும் நாடும். சில படைகளில் தோல் கசங்கிய காகிதம்போல மெலிந்து சுருங்கும். ஊறல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். எக்ஸிமா, சொரியாசிஸ் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வைத்தியம் நடப்பது இதனால்தான்.

கறுத்த தோலில் குழப்பம் இன்னும் கூடும். சிவப்புக்குப் பதில் வெளிறிய திட்டுகளாக, அதுவும் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் அதிகமாக வரும் வகை ஒன்று உண்டு. தேமல், வெண்புள்ளி, தொழுநோய் எதுவாகவும் அது தோன்றலாம். தொழுநோய்த் திட்டில் பொதுவாக உணர்ச்சி குறையும், இதில் குறையாது. முடிவு சொல்வது தோல் துணுக்கை எடுத்துச் செய்யும் பயாப்சி. ஒரே பயாப்சியில் பிடிபடாமல், சில மாதங்கள் கழித்து மறுபடி எடுக்க நேர்வது வழக்கம். களிம்பு பூசியிருந்தால் அடையாளங்கள் மங்கிவிடும் என்பதால், அதைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு எடுப்பதே நல்லது.

படை நிலையிலேயே கண்டறிந்தால் களிம்புகளும் புறஊதா ஒளிச் சிகிச்சையுமே பலருக்குப் போதும். உடலில் சிறு பகுதியோடு நின்றவர்களின் ஆயுள் ஏறக்குறைய மற்றவர்களுடையதைப் போன்றதே.

இதன் நெருங்கிய உறவான செசாரி நோய் அவ்வளவு சாதுவானதல்ல. உடல் முழுவதும் சிவந்து, தூக்கத்தைக் கெடுக்கும் ஊறல் எடுக்கும், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும், நெறி கட்டும். புற்றுச் செல்கள் ரத்தத்திலேயே சுற்றிவரும்.

பிளாஸ்டிக் (blastic) பிளாஸ்மாசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல் கட்டி என்ற இன்னொரு அரிய ரத்தப் புற்றுநோய், பெரும்பாலும் முதிய ஆண்களிடம், அடிபட்ட கன்றல்போல ஊதா நிறத் தடிப்பாக வரும். அடிபட்ட நினைவில்லை, வாரக்கணக்கில் மறையவும் இல்லை என்றால் அது கன்றலாக இருக்க வாய்ப்பு குறைவு.

பாலிசைதீமியா வேரா என்ற ரத்தப் புற்றுநோயில் தோலில் எதுவுமே தெரியாமல் போகலாம். சிவப்பணுக்கள் மிகுந்துபோகும் இந்நோயில், குளித்து முடித்ததும், அதிலும் வெந்நீரில் குளித்தால், உடம்பெல்லாம் குத்துவதுபோல ஊறும், தடிப்பு இராது. சோப்பை மாற்றிப் பார்ப்பதற்கு முன், சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் கூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். கூடியிருந்தால் அடுத்தது ஜேஏகே2 மரபணுச் சோதனை. இந்நோயாளிகளில் 95 சதவீதத்தினருக்கு மேல் அந்த மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது.