பனி மூடிய வீட்டுக்குள்ளே...

குட்டீஸ், ஒரே ஒரு நாள் மழை விடுமுறை விட்டாலே உங்களுக்குக் கொண்டாட்டம்தான், இல்லையா? ஆனால், மாதக் கணக்கில் ஊரைத் தாண்டிப் போகவே முடியாது என்றால்? பஸ் வராது. காய்கறி வண்டி வராது. கதவைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் பனி. அப்போது என்ன சாப்பிடுவீர்கள்? எப்படிக் குளிர் காய்வீர்கள்?

இமயமலையில், லடாக் பகுதியில் இருக்கிறது ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கு. அங்குள்ள குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் குளிர்காலத்தைக் கழித்து வருகின்றன. வாருங்கள், அப்படி ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம்!

மூடிக்கொள்ளும் கணவாய்

ஸன்ஸ்காரின் முக்கிய ஊர் பதும். கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. கார்கில் நகரிலிருந்து அங்கே போக சுமார் 240 கிலோ மீட்டர் பயணம் செய்ய வேண்டும். வழியில் 4,400 மீட்டர் உயரத்தில் பென்ஸி லா என்ற கணவாய் குறுக்கிடுகிறது. 'லா' என்றால் கணவாய் என்று பொருள். பனி கொட்டத் தொடங்கினால் இந்தக் கணவாய் பல மாதங்களுக்கு மூடிக்கொள்ளும். இரவில் குளிர் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போய்விடும்!

மாடுகளுக்கு நடுவே சமையலறை

ஸன்ஸ்கார் வீடுகளின் சுவர்கள் மண்ணால் ஆனவை. நல்ல தடிமனாக இருக்கும். ஜன்னல்கள் சின்னஞ்சிறியவை. கூரை தட்டையானது. கோடையில் மேல் மாடியில் வசிக்கும் குடும்பம், குளிர்காலம் வந்ததும் கீழே உள்ள ஓர் அறைக்குக் குடி வந்துவிடும். அந்த அறையைச் சுற்றித்தான் மாடும் ஆடும் கட்டும் தொழுவங்கள் இருக்கும்.

ஏன் தெரியுமா? விலங்குகளின் உடல் சூடு சுவர் வழியாக அறைக்கும் கிடைக்கும். வீட்டுக்குள் இருப்பதால் விலங்குகளும் குளிரில் விறைக்காது. இரை தேடி மலையிலிருந்து இறங்கி வரும் பனிச்சிறுத்தையிடமிருந்தும் பாதுகாப்பு!

அறையின் நடுவே அடுப்பு. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, குழந்தைகள் என எல்லாரும் அதைச் சுற்றித்தான் உட்காருவார்கள். சமையல், சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாமே அந்த ஓர் அறையில்தான். அடுப்பு எரிக்க விறகு அதிகம் கிடைக்காது. அந்த உயரத்தில் மரங்கள் மிகவும் குறைவு. அதனால் காய்ந்த சாணம்தான் எரிபொருள்.

கோடையில் சேமிப்பு

அவ்வளவு சாணத்துக்கு எங்கே போவது? கோடையிலேயே சேர்த்துவிட வேண்டும். பெண்களும் குழந்தைகளும் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு மலை மேலுள்ள புல்வெளிகளுக்குப் போவார்கள். அங்கேயே தங்கி, பால் கறந்து, வெண்ணெய் எடுப்பார்கள். பாலாடைக் கட்டி செய்து காய வைப்பார்கள். சாணத்தையும் பொறுக்கி உலர்த்துவார்கள். சாணமும் வைக்கோலும் வீட்டுக் கூரை மேல் வரிசையாக அடுக்கப்படும்.

வயலில் விளைவது முக்கியமாக பார்லி. அதை வறுத்து மாவாக்கிக் கொள்வார்கள். உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி போன்றவற்றை மண்ணுக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்து வைப்பார்கள். குளிர்காலத்தில் எடுத்தாலும் கெடாமல் இருக்கும். மின்சாரம் தேவைப்படாத குளிர்சாதனப் பெட்டி!

ஒரு நாள் வாழ்க்கை

காலையில் முதல் வேலை, இரவு பெய்த பனியைக் கூரையிலிருந்து தள்ளுவது. தள்ளாமல் விட்டால் பனி உருகி, மண் கூரை ஒழுக ஆரம்பித்துவிடும். அடுத்த வேலை தண்ணீர். ஓடையின் மேல் உறைந்திருக்கும் பனிக்கட்டியை உடைத்து, அடியில் ஓடும் தண்ணீரை மொண்டு வர வேண்டும்.

குடிப்பதற்கு உப்பு போட்ட வெண்ணெய் தேநீர். நீளமான மரக் குழாய் போன்ற பாத்திரத்தில் ஊற்றிக் கடையும்போது 'குர்குர்' என்று சத்தம் வரும். அதனால் இதற்கு 'குர்குர் சாய்' என்றே பெயர்! இதில் பார்லி மாவைப் பிசைந்தும் சாப்பிடுவார்கள். இரவில் சூடான 'துக்பா' கஞ்சி.

மற்ற நேரங்களில் கம்பளி நூற்பார்கள். பெண்கள் செம்மறி ஆட்டு ரோமத்தை நூற்க, ஆண்கள் வெள்ளாடு, யாக் எருமையின் ரோமத்தை நூற்பார்கள். நூற்றுக்கொண்டே பெரியவர்கள் கதை சொல்வார்கள். கேசர் என்ற வீர மன்னனின் நீண்ட கதை, குளிர்கால இரவுகளுக்கென்றே உள்ள கதை.

உறைந்த ஆற்றில் பள்ளிக்கு!

ஊரை விட்டு வெளியேற ஒரே ஒரு வழி இருந்தது. ஜனவரி, பிப்ரவரியில் ஸன்ஸ்கார் ஆறு உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டிப் பாதைக்கு 'சாதர்' என்று பெயர். விரிப்பு என்று அர்த்தம். வெண்ணெயை விற்கவும், வெளியூரில் படிக்கும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அப்பாக்கள் இதன் மேல் நாள் கணக்கில் நடந்தார்கள். இரவில் குகைகளில் தங்கினார்கள். கம்பால் தட்டி, சத்தத்தைக் கேட்டே பனிக்கட்டி எடை தாங்குமா என்று கண்டுபிடித்தார்கள். உடைந்தால் கீழே உயிரை உறைய வைக்கும் தண்ணீர்! இத்தனை ஆபத்தையும் தாண்டி பள்ளியில் விடப்பட்ட பிள்ளைகள், மறுபடி அம்மாவைப் பார்க்கப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

2024 மார்ச் மாதம் நிம்மு, பதும், தார்ச்சா ஆகிய ஊர்களை இணைக்கும் புதிய சாலை இணைப்பு முடிந்தது. ஷின்கு லா கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதை அமைக்கும் வேலை அதே ஆண்டு ஜூலையில் தொடங்கியது. அதனால் ஆற்றின் மேல் நடக்க வேண்டிய தேவை குறைந்து வருகிறது.

பனி மேல் மண் தூவுவோம்

இவ்வளவு கஷ்டம் தரும் பனி வராமலே இருந்தால் நல்லதுதானே என்று தோன்றுகிறதா? அதுதான் இல்லை! ஸன்ஸ்காரில் மழை மிகவும் குறைவு. மலை மேல் பனி உருகி ஓடி வந்தால்தான் பார்லி வயலுக்குத் தண்ணீர்.

வயலின் மேல் கிடக்கும் பனியை மட்டும் சீக்கிரம் கரைத்தாக வேண்டும். ஏனென்றால், பயிர் செய்யக் கிடைப்பது சில மாதங்களே. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. இலையுதிர் காலத்திலேயே மண்ணை வாரி வீட்டுக்குள் சேமித்து வைப்பார்கள். வசந்தம் நெருங்கும்போது அந்த மண்ணையும் அடுப்புச் சாம்பலையும் பனியின் மேல் தூவுவார்கள். வெள்ளைப் பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். கருத்த மண்ணோ வெப்பத்தை உறிஞ்சும். அதனால் பனி சீக்கிரம் உருகிவிடும்!

மலை மேல் பனி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு குமிக் கிராமமே சாட்சி. ஸன்ஸ்காரின் மிகப் பழைய ஊர்களில் ஒன்று இது. மலை மேல் உருகும் பனிதான் இந்த ஊரின் ஒரே நீர் ஆதாரம். அந்தப் பனி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. ஓடை வற்றியது. வயல்கள் காய்ந்தன. கடைசியில், கீழே ஆற்றை ஒட்டிய வெறும் நிலத்தில் கால்வாய் வெட்டி, புது வீடுகள் கட்டி, பல குடும்பங்கள் இடம் மாறத் தொடங்கின.

அதனால்தான் ஸன்ஸ்காரில், கூரையிலிருந்து பனியைத் தள்ளிக் கை ஓய்ந்து போனாலும், பனி நன்றாகப் பெய்த வருடம் என்றால் தாத்தா பாட்டிக்கு நிம்மதி. அடுத்த குளிர்காலத்துக்கான பார்லி அந்தப் பனிக்குள்தான் இருக்கிறது!