மேடையில் நெருப்பு வேண்டுமா? முதலில் வாசலைப் பாருங்கள்!

ஏற்காட்டில் அரங்குக்குள் நாடகம் போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மே மாதம் வந்தாலே ஏற்காட்டில் கோடை விழா, மலர்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சி என்று ஊரே களைகட்டும். பள்ளி ஆண்டு விழாவும் மண்டப நிகழ்ச்சிகளும் வருஷம் முழுக்க நடக்கும். நாடகம் என்றால் இரணியன் கதைக்குத் தனி மவுசு. தூண் பிளக்கணும், தீப்பொறி பறக்கணும், நரசிம்மர் பாய்ந்து வரணும்! கைதட்டல் அள்ளும்.

நம்ம ஊர் தெருக்கூத்தில் பந்தத்தின் மேல் குங்கிலியப் பொடியைத் தூவுவார்கள். குபீர்னு ஜுவாலை எழும். ஆனால் அது திறந்த வெளி. மேலே வானம், நாலு பக்கமும் வழி. அதே நெருப்பைக் கூரைக்குள் கொண்டு வந்தால் கதையே வேறு. நீங்கள் விழாக் குழுவில் இருப்பவரா, ஆசிரியரா, பிள்ளையை மேடையேற்றும் பெற்றோரா? இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒன்றரை நிமிடம்தான்

2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு இசை அரங்கு. பாட்டு தொடங்கியதும் மேடையில் பூவாணம் கொளுத்தினார்கள். பொறி சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பட்டது. சுமார் 90 விநாடிக்குள் உள்ளே உயிர் தாங்க முடியாத நிலை வந்துவிட்டது. இறந்தவர்கள் 100 பேர். வேறு கதவுகள் இருந்தும், பலரும் உள்ளே வந்த அதே வாசலுக்கே ஓடி நெரிசலில் சிக்கினார்கள்.

தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2004 ஜனவரி 23 அன்று நம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பட்டாசு எதுவும் கொளுத்தவில்லை. வீடியோ விளக்கின் மின்கசிவில் கிளம்பிய தீ ஓலைப் பந்தலைப் பிடித்தது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மணமகனும் அதில் ஒருவர்.

இரண்டு இடத்திலும் தொடக்கம் சின்னப் பொறிதான். உயிரைப் பறித்தது சுலபமாகப் பற்றும் அலங்காரமும், போதாத வழியும்.

மலையில் கூடுதல் கவனம் ஏன்?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிருக்காக அரங்கின் கதவு, ஜன்னலைச் சாத்திவிடுவோம். புகை வெளியேற வழியில்லை. பழைய கட்டடங்களில் மரக்கூரையும் மரத்தரையும் உண்டு. சேலத்திலிருந்து கூடுதல் தீயணைப்பு வண்டி வர வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறணும். பனி மூடினால் இன்னும் தாமதம். அதனால் முதல் சில நிமிடம் உங்கள் கையில்தான்.

"கோல்ட் பைரோ சார், சுடாது!"

கல்யாண மேடைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. அப்படியே நம்பிவிடாதீர்கள். மின்சாரத்தில் பற்றவைக்கும் பூவாணக் குழாய் என்றால் உள்ளே இருப்பது வெடிமருந்து. மெஷின் வகையில் டைட்டானியம் போன்ற உலோகத் துகள்களைச் சூடாக்கி வீசுகிறார்கள். பறக்கும் பொறி சீக்கிரம் ஆறிவிடும் என்பது உண்மை. ஆனால் கிளம்பும் வாய் அருகே கடும் சூடு. திரை, காகிதப் பூ, தெர்மோகோல், பிள்ளைகளின் நைலான் உடை, ஒட்டுமுடி எல்லாம் பற்றும்.

முக்கியம்: உலோகத் துகள் எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ சீறும். உலர்ந்த மணலால் மூடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் கட்டாயம்.

விழாவுக்கு முன்

1. மண்டப உரிமையாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். அரங்குக்குள் வாணம் கூடாது என்று விதி இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

2. உங்கள் பகுதி தீயணைப்பு நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்து, என்ன அனுமதி தேவை என்று கேளுங்கள். தேதி, இடம், பார்வையாளர் எண்ணிக்கை, எந்தக் கருவி, மேடையில் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து கொடுங்கள்.

3. உரிமம் உள்ள விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பட்டாசைப் பிரித்து மருந்தெடுத்து "நாங்களே செய்வோம்" என்பது வேண்டவே வேண்டாம். உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பது குற்றம்.

4. தூரத்தை அளந்து கோடு போடுங்கள். அமெரிக்காவில் பின்பற்றும் என்எஃப்பிஏ 1126 தரநிலைப்படி, கருவிக்கும் பார்வையாளருக்கும் நடுவே குறைந்தது 15 அடி (4.6 மீட்டர்) வேண்டும். பொறி விழும் தூரத்தின் இரண்டு மடங்கு அதைவிட அதிகமானால், அந்தத் தூரம் வேண்டும். மேலே கூரை, விளக்கு, தொங்கும் திரையையும் பாருங்கள். இடம் போதவில்லை என்றால் அந்த எஃபெக்ட் அந்த அரங்குக்கு இல்லை. அவ்வளவுதான்.

5. தீயணைப்பான் இரண்டாவது தயாராக இருக்கணும். அழுத்தமானியின் முள் பச்சையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. ஆள் இல்லாத அரங்கில் ஒத்திகை பாருங்கள். பொறி எங்கே விழுகிறது, புகை எங்கே போகிறது என்பதை மொபைலில் வீடியோ எடுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

விழா அன்று

எல்லா வாசலும் திறக்கிறதா என்று நீங்களே தள்ளிப் பாருங்கள். பின்வாசலில் பூட்டு, வழியில் கூடுதல் நாற்காலி இருக்கவே கூடாது. நிகழ்ச்சி தொடங்கும் முன் மைக்கில் வாசல்கள் எங்கே என்று சொல்லுங்கள்.

பட்டனை அழுத்துவது பயிற்சி பெற்ற ஒரே ஆள். மேடை அவர் கண்ணுக்கு நேராகத் தெரியணும். குழந்தை ஒன்று இடம் மாறி நின்றால் அழுத்தக் கூடாது. காட்சி கெட்டாலும் பரவாயில்லை. இந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்று எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மலை ஈரத்தில் மருந்து நமுத்து, சில சமயம் பற்றாது. உடனே போய்க் குனிந்து பார்க்காதீர்கள்! மின் இணைப்பைத் துண்டித்து, தயாரிப்பாளர் குறிப்பில் உள்ள நேரம் வரை யாரும் கிட்டே போகாமல் காத்திருங்கள்.

தீ பிடித்துவிட்டால்

பாட்டை நிறுத்துங்கள், அரங்க விளக்கைப் போடுங்கள், மக்களை வெளியேற்றுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 101 அல்லது 112-க்கு அழைக்கட்டும். சின்னத் தீயாக இருந்து, உங்களுக்குப் பின்னால் வழி இருந்தால் மட்டும் தீயணைப்பானை எடுங்கள். பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, அழுத்தி, இடவலமாக வீசுங்கள். புகை சூழ்ந்தால் குனிந்து வெளியேறுங்கள். செருப்பு, பை எடுக்கத் திரும்பாதீர்கள்.

தீக்காயத்துக்கு ஓடும் குளிர்ந்த தண்ணீர் 20 நிமிடம். பற்பசை, மை, நெய் தடவக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

நெருப்பில்லாமலே நரசிம்மர்

பள்ளி நாடகத்துக்கு எங்கள் யோசனை இதுதான்: நிஜ நெருப்பே வேண்டாம். சின்ன மின்விசிறி, மெல்லிய பட்டுத் துணி, கீழே ஆரஞ்சு எல்இடி விளக்கு வைத்தால் ஜுவாலை தயார். தூண் பிளக்கும்போது ஒரு விநாடி இருட்டு, பளீர் வெளிச்சம், ஸ்பீக்கரில் இடி முழக்கம். புகைக்கு மெஷின் போதும். அதற்கும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கைதட்டல் குறையாது. நாடகம் முடிந்து எல்லாப் பிள்ளைகளும் வேஷம் கலையாமல் வீடு போய்ச் சேர்வார்கள். இந்தப் பக்கத்தை உங்கள் பள்ளி, விழாக் குழு வாட்ஸ்அப்பில் இப்போதே பகிருங்கள்.